கயிறு பிடிக்கிற ஆள் எங்கே?

(நாசரேத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அசைவூட்டப் படம் செய்வது எப்படி" என்று பேசச் சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். அதைப் பேச என்னைவிட நல்லவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். செய்து முடித்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். அந்த இடத்தில் நான் நிறையத் தவறு செய்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் நிற்கிறேன்.

கைவேலை கற்றுத் தருவதில் இந்த ஊருக்கு வயது அதிகம். மர்காஷிஸ் ஐயர் காலத்தில், 1878-இல், இங்கே கலைத் தொழிற்பள்ளி தொடங்கினார்கள். தச்சோ தையலோ, பிள்ளை செய்த பொருளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திண்ணையில் வைத்தால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். நம் பிள்ளைகள் இப்போது செய்கிற பொருளுக்கு அந்த வசதி இல்லை. அது கணினிக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்துத் தருவது வரைக்கும் நம் வேலை.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு படம் செய்தார்கள். சிறார் திரைப்படத் திரையிடலில் படம் பார்த்துப் பழகிய பிள்ளைகள், "நாமளும் எடுத்தா என்ன டீச்சர்?" என்று கேட்டார்கள். கடலுக்குள் இறங்கி முத்து எடுத்த கதை என்று அவர்களே முடிவு செய்தார்கள். அந்தக் குழுவில் ஒரு பெண்ணின் தாய்வழித் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். பிள்ளைகளுக்கு அது சோழர் காலம் மாதிரி. ஆனால் வீட்டுத் தாத்தாவுக்கு அது நேற்று நடந்தது. அவர் வாயால் தோலாயிரம் பார் என்ற பெயரைக் கேட்டுவந்துதான் அந்தப் பெண் கதையை ஆரம்பித்தாள்.

களிமண்ணில் குளிக்கிறவர், அட்டையில் வள்ளம், நீலச் சேலைத் துணியில் கடல். ஸ்டூல் மேல் கைப்பேசியைக் கட்டிவைத்து, பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம். ஒரு வினாடிக்கு 12 படம். மொத்தம் 70 வினாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 840 படம். சனிக்கிழமைகளில் வந்து எடுத்தார்கள். உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் கட்டணமில்லாத மென்பொருள் ஒன்றில் கோத்தார்கள். திரையில் ஓடியபோது கைதட்டினோம். படம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று மாலையே ஒரு பையன் தன் அப்பாவுக்கு அதை அனுப்பினான். நம் பகுதியில் பாதி அப்பாக்கள் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தப் பையனின் அப்பாவுக்குச் சென்னையில் மளிகைக் கடையில் வேலை. இரவு பதினொரு மணிக்குக் கடை அடைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். "திறக்க மாட்டேங்கு" என்று குரல் பதிவு வந்தது. மறுநாள் பையன் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

தவறு என்னுடையது. "கோப்பை அனுப்பு" என்று சொன்னேனே தவிர, எந்தக் கோப்பு என்று சொல்லவில்லை. மென்பொருளில் 'சேமி' என்று அழுத்தினால் கிடைப்பது வேலைக் கோப்பு. அதற்குள் அந்த 840 படங்களும் இருப்பதில்லை. "இந்த உறையில் இருக்கிற இந்தப் படத்தை இத்தனையாவது வினாடியில் காட்டு" என்ற பட்டியல்தான் இருக்கிறது. அந்த அப்பாவுக்கு மளிகைச் சாமானுக்குப் பதிலாக மளிகைச் சீட்டை அனுப்பிவிட்டோம். சாமான் நாசரேத்திலேயே இருந்தது.

ஸ்கிராட்ச்சிலும் இதே கதைதான். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் காட்சித் தொடர்பு பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள். அது தருகிற கோப்பை இன்னொரு ஸ்கிராட்ச்தான் திறக்கும். வீட்டுக் கைப்பேசியில் அதை யார் திறப்பார்கள்? அதில் காணொலியாக மாற்றும் பொத்தான் கிடையாது. திரையில் ஓடுவதைப் பதிவு செய்துதான் எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெட்கமான விஷயம். பல வருடங்களுக்கு முன்னால் ஒளிவிலகலுக்கும் இதயச் சுழற்சிக்கும் ஃபிளாஷில் பாடப் படங்கள் செய்து குறுந்தகட்டில் வைத்திருந்தேன். 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயர் நிறுத்தப்பட்டது; 2021 ஜனவரி 12 முதல் அது படங்களை ஓட்டவும் மறுத்துவிட்டது. முன்கூட்டியே அறிவித்துத்தான் நிறுத்தினார்கள். ஒரு மாலை உட்கார்ந்து காணொலியாக மாற்றியிருந்தால் இன்றைக்கும் வகுப்பில் ஓடும். செய்யவில்லை. குறுந்தகடு பீரோவில் இருக்கிறது.

சரி, எதுவாக மாற்றுவது? 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தினால் ஒரு நீண்ட பட்டியல் விரியும். அதைப் பார்த்துத்தான் பலர் மூடிவிட்டு வருகிறோம். தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். துறைமுகச் சாலையில் போகிற கண்டெய்னர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வேறு, உள்ளே சரக்கைக் கட்டியிருக்கிற விதம் வேறு. எம்.பி.4 என்பது பெட்டி. அதைக் கண்டெய்னர் என்றே சொல்கிறார்கள். உள்ளே படத்தைச் சுருக்கிக் கட்டும் முறைக்கு எச்.264 என்று பெயர், ஒலியைக் கட்டும் முறைக்கு ஏ.ஏ.சி. பெட்டி எம்.பி.4 ஆக இருந்தும் கைப்பேசியில் படம் வராமல் ஒலி மட்டும் வருகிறதா? கட்டு அந்தப் போனுக்குத் தெரியாத கட்டு. எச்.264 என்பது 2003-இல் வந்த முறை. அதைவிடப் புதியவை இருக்கின்றன, கோப்பும் சிறியதாகும். ஆனால் பாட்டியின் பழைய போனிலும் திறக்க வேண்டும் என்றால் பழையதே நல்லது. எம்.பி.4, எச்.264, ஏ.ஏ.சி.: இந்த மூன்றையும் பதிவேட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஃப் போதாதா என்று ஒரு தங்கை கேட்டார்கள். ஜிஃப்பில் ஒலி கிடையாது, ஒரு படத்துக்கு 256 நிறத்துக்கு மேல் கிடையாது. புளியங்கொட்டைகள் நகர்ந்து வந்து 'அ' எழுத்தாகிற மாதிரி, ஐந்தாறு வினாடி, எண்ணும் எழுத்தும் வகுப்புக்கு என்றால் ஜிஃப் அழகாக வேலை செய்யும். கதை சொல்ல அது பற்றாது.

அடுத்து, வினாடிக்கு எத்தனை படம் என்று மென்பொருள் கேட்கும். பெரும்பாலும் 30 என்று அதுவே போட்டு வைத்திருக்கும். எங்கள் படம் 12. முப்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை. அரைப் படத்தைக் காட்ட முடியாது. ஒரு படத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையுமாக அது காட்டும். வள்ளம் நொண்டி நொண்டிப் போனது. பிள்ளைகள் பொம்மையைச் சரியாக நகர்த்தவில்லை என்று நான் அவர்களைக் குறை சொன்னேன். 24 என்று மாற்றியதும் வள்ளம் ஒழுங்காகப் போனது. பன்னிரண்டில் எடுத்தால் 24, பத்திலோ பதினைந்திலோ எடுத்தால் 30. மீதியில்லாமல் வகுபட வேண்டும், அவ்வளவுதான். கணக்கு ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள்!

கோப்பின் அளவும் கணக்குதான். வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று ஒரு எண் இருக்கும். முழு எச்.டி., அதாவது 1920-க்கு 1080, வினாடிக்கு 30 படம் என்றால் யூடியூப் பரிந்துரைப்பது 8 மெகாபிட். ஒரு நிமிடத்துக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 எம்.பி. யூடியூபில் ஏற்ற அதை வைத்துக்கொள்ளலாம். அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது தன் போக்கில் இன்னொரு முறை சுருக்கும், கடல் கட்டம் கட்டமாகிவிடும். வாட்ஸ்அப்புக்குத் தனியாக ஒரு பிரதி எடுங்கள்: 1280-க்கு 720, 2 மெகாபிட், நிமிடத்துக்கு 15 எம்.பி. தட்டையான நிறங்களில் வரைந்த படம் என்றால் இதிலேயே தெளிவாக இருக்கும். ஒரு தரமும் குறையாமல் போக வேண்டுமானால் காணொலியாக அனுப்பாமல் 'ஆவணம்' வழியாக இணைத்து அனுப்பலாம். ஆனால் மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம். இதைச் சொல்லாமல் போக முடியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஸ்கிராட்ச் படத்தை ஓ.பி.எஸ். ஸ்டுடியோவில் பதிவு செய்துகொண்டிருந்தோம். முடிய அரை நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது. கோப்பு இருந்தது, அளவும் பெரியதாக இருந்தது, ஆனால் எதிலும் ஓடவில்லை. எம்.பி.4 பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதும். அதை எழுதுவதற்குள் நின்றுவிட்டால் சரக்கு இருந்தும் எடுக்க வழியில்லை. ஆகவே பதிவு செய்யும்போது எம்.கே.வி. என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நின்றாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். முடிந்த பிறகு அதே மென்பொருளில் 'ரீமக்ஸ்' என்று இருக்கிறது. தரம் குறையாமல் நொடியில் எம்.பி.4 பெட்டிக்கு மாற்றித் தரும்.

தமிழ் எழுத்து இன்னொரு தலைவலி. தொடக்கத்தில் "தோலாயிரம் பார்" என்று தலைப்புப் போட்டிருந்தோம். தட்டும்போது சரியாக இருந்தது. காணொலியில் 'தோ' பிய்ந்துபோய், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நின்றது. நம் எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கத் தெரியாத மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. சிலர் பாமினி எழுத்துருவில் தட்டித் தப்பிக்கிறார்கள். நான் செய்வது வேறு: எழுத்தைப் பவர்பாயிண்ட் மாதிரி ஒன்றில் ஒருங்குறியில் தட்டி, படமாகச் சேமித்து, அந்தப் படத்தை உள்ளே வைத்துவிடுவேன். படத்தை எந்த மென்பொருளாலும் பிய்க்க முடியாது. இப்போது பிள்ளைகள் கையால் எழுதிப் படம் பிடித்தே வைக்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

பள்ளியின் பக்கத்தில் போட வேண்டும், அதற்குச் செங்குத்தாக வேண்டும் என்றார்கள். கைப்பேசியை நிறுத்திப் பிடித்துப் பார்க்கிற அளவு, 1080-க்கு 1920. எங்கள் படம் அகலவாக்கில் இருந்தது. மென்பொருளில் ஒரு பொத்தான்: அழுத்தினேன், நடுப்பகுதியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் வெட்டித் தந்தது. நடுவில் குளிக்கிறவர் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். நன்றாகத்தான் இருந்தது. இறங்குகிற கதைக்குச் செங்குத்துச் சட்டம் பொருத்தம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். பகிர்ந்தோம்.

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்குப் போய்த் தாத்தாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் இரண்டு முறை பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "எம்மா, கயிறு பிடிக்கிற ஆளு எங்கே?"

வள்ளத்தின் இடது ஓரத்தில் கயிறு பிடிப்பவரை நிறுத்தியிருந்தார்கள். அவரைச் செய்யத்தான் அந்தப் பெண் அதிக நேரம் எடுத்தாள். விரல்கள்கூடத் தனித்தனியாக இருக்கும். வெட்டில் அவர் போய்விட்டார். கடலுக்கு அடியில் மூச்சடக்கி இருப்பவரின் உயிர், மேலே கயிறு பிடிப்பவர் கையில் இருக்கிறது. "மச்சினன்தான் பிடிக்கணும்னு சொல்வாங்க. தங்கச்சி தாலி இருக்குல்லா, விட மாட்டான்" என்று தாத்தா சொன்னாராம். அந்த ஆளை நான் ஒரு பொத்தானில் கடலில் தள்ளிவிட்டேன்.

கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். 1080 உயரமுள்ள அகலப் படத்திலிருந்து செங்குத்துச் சட்டம் எடுத்தால் 1920 புள்ளி அகலத்தில் ஏறக்குறைய 607 மட்டும் மிஞ்சும். மூன்றில் இரண்டு பங்கு படம் போய்விடுகிறது. சதுரமாக வெட்டினால் பாதிக்குக் கொஞ்சம் மேலே மிஞ்சும். வெட்டாமல், முழு அகலப் படத்தையும் செங்குத்துச் சட்டத்தின் நடுவில் சிறியதாக வைத்து, மேலும் கீழும் தமிழில் தலைப்பும் வசனமும் எழுதலாம். பாடக் காணொலிக்கு அது போதும்.

எங்களுக்கு அது மனசில்லை. கைப்பேசி எடுத்த மூலப் படங்கள் 4000-க்கு 3000 புள்ளிகள், தேவைக்கு மேல் பெரியவை. ஆகவே சட்டத்தையே நகர்த்தினோம். முதலில் கயிறு பிடிப்பவரின் கை. பிறகு சட்டம் கயிற்றோடு நகர்ந்து வந்து, குளிக்கிறவரோடு கீழே இறங்குகிறது. ஆறு இடங்களில் குறி வைத்தோம், இடைப்பட்ட நகர்வை மென்பொருள் பார்த்துக்கொண்டது. பழைய படத்தைவிட இது நன்றாக வந்தது என்பது வேறு விஷயம். பிள்ளைகளே உட்கார்ந்து செய்தார்கள். நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை, தொடவும் விடவில்லை.

அப்போதே இன்னொன்றும் திருத்தினோம். செங்குத்துக் காணொலியில் கீழ்ப்பகுதியிலும் வலது ஓரத்திலும் பொத்தான்களும் பெயரும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வசனம் அதற்கு அடியில் மறைந்திருந்தது. மேலே ஏற்றினோம். பேருந்திலும் ஆசிரியர் அறையிலும் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள்தான் அதிகம், நானே அப்படித்தான். வசனம் தெரியாவிட்டால் கதை புரியாது.

ஒலி பற்றி ஒரு சொல். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். ஏற்றிய உடனே யூடியூப் அதைக் கண்டுபிடித்து உரிமை கோரல் காட்டும். சில சமயம் ஒலியே போய்விடும். எங்கள் படத்தில் அலை ஓசை என்பது முறத்தில் புரளுகிற அரிசி. குமிழி சத்தம் வாளித் தண்ணீரில் உறிஞ்சுகுழல். பின்னால் லேசாகத் திருச்செந்தூர் ரயிலும் கேட்கும். அது தானாக வந்து சேர்ந்தது, எடுக்க மனமில்லை.

பிள்ளைகளின் பெயர், முகம், சீருடை பற்றியும் கேட்டீர்கள். அசைவூட்டப் படத்தின் ஒரு பெரிய வசதியே பிள்ளையின் முகம் தேவையில்லை என்பதுதான். அதை நாமே கெடுத்துவிடுகிறோம்: முடிவில் குழுப் புகைப்படம், முழுப் பெயர், வகுப்பு, பள்ளி. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர் எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நாங்கள் முதற்பெயர் மட்டும் போட்டோம், அதுவும் வீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு. குரல் கொடுத்த பெண்ணின் அம்மா முதலில் வேண்டாம் என்றார்கள். வேறு பிள்ளை பேசினாள். யூடியூபில் ஏற்றும்போது 'குழந்தைகளுக்கானது' என்று குறித்தால் கருத்துப் பகுதி மூடப்பட்டுவிடும். குறியுங்கள். யாரோ ஒருவர் எழுதுகிற ஒரு வரியால் நம் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வராமல் இருக்க வேண்டாம்.

இப்போது அடுத்த குழு பனை ஏறுவதைப் படமாக எடுக்கிறது. பொம்மை செய்யும் முன்பே அட்டையில் செங்குத்தாக ஒரு சட்டம் வெட்டி கைப்பேசிக்கு முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

சென்னையில் இருக்கிற அப்பாவுக்கு 720 பிரதி போனது. அவர் அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார் என்று பையன் சொன்னான். தூத்துக்குடித் தாத்தாவும் புதிய படத்தைப் பார்த்தார். கயிறு பிடிப்பவரைக் கண்டதும் திருப்திதான். ஆனால் மேலே தூக்கும் முன் அடியிலிருந்து கயிற்றை இழுத்துச் சைகை கொடுக்க வேண்டும், உங்கள் ஆள் இழுக்கவே இல்லையே என்றாராம். இரண்டு வினாடி, 24 படம். 840 மூலப் படங்களும் வேலைக் கோப்பும் வன்தட்டில் பத்திரமாக இருக்கின்றன. களிமண் ஆளின் வலது கை மட்டும் உடைந்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை எடுக்கிறோம். வர விரும்புகிறவர்கள் வாருங்கள், ஸ்டூல் ஒன்று கூடுதலாகத் தேவைப்படும்.